கத்திப் பிடிக்குப் பாதிக் கல்லே போதும்

ஒரு கத்தியின் பிடி என்னென்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பார்த்த பிறகே அதற்கான பொருளைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. அது ஈரக் கையில் இருக்கும். அதன்மேல் எண்ணெயும் புளிப்பும் படும். கழுவிய பின் எங்கோ ஓர் அனலுக்கு அருகில் காயும். எப்போதாவது தரையிலும் விழும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு, எஃகோடு சேர்ந்த இடத்தில் இடைவெளி விடாமல் இருக்க வேண்டும். கேட்பவரின் விருப்பத்துக்கேற்பக் கத்திகளுக்குப் பிடி அமைத்துத் தருபவன் என்ற முறையில், கல்மரம், டைனசோர் எலும்பு, மாமூத் என்னும் அழிந்துபோன யானையினத்தின் பல், சதுப்பில் புதைந்த ஓக், ரெசின் என்னும் இறுகும் பிசினை ஏற்றிய மரம், ரெசினில் வார்த்த பைன் கூம்பு என வழக்கத்துக்கு மாறான பலவற்றை வெட்டியும் தேய்த்தும் பார்த்திருக்கிறேன். பொருளின் வயது கூடக் கூடப் பிடியின் தரமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் கண்டது நேர் எதிரானது. முழுவதும் கல்லாகிவிட்ட பொருள் பிடிக்கு உகந்ததன்று. கல்லாகும் வழியில் பாதியில் நின்றுவிட்டதும், மனிதர் தம் கையால் அந்தப் பாதி வழிவரை கொண்டுவந்து நிறுத்தியதுமே நல்ல பிடியாகின்றன.

மரம் கல்லாகும் முறையை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். வண்டலிலோ எரிமலைச் சாம்பலிலோ காற்றுப் படாமல் புதைந்த மரத்துக்குள், சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் மெல்ல ஊறுகிறது. சிலிக்கா முதலில் மரச் செல்களின் உள்ளே உள்ள வெற்றிடங்களில் படிகிறது. பிறகு செல் சுவர்களையும் ஊடுருவி, நெடுங்காலத்தில் மரத்தின் கரிமப் பொருளில் பெரும்பகுதி மறைந்துபோக, அதன் இடத்தையும் தானே எடுத்துக்கொள்கிறது. ரேகையும் ஆண்டு வளையமும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் கையில் இருப்பது குவார்ட்ஸ் இனத்துக் கல். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7 என்பதால் பதமேற்றிய எஃகையே அது கீறும். அரிசோனாவின் கல்மரக் காட்டில் கிடக்கும் மரங்கள் 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்றால் கேட்பவருக்கு வியப்பு மேலிடும். ஆனால் அந்தக் கல்லைக் கத்தியில் பொருத்த வேண்டியவருக்கு வேறு கவலைகள் இருக்கின்றன.

முதல் கவலை எடை. மேப்பிள் போன்ற மரத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேலான அடர்த்தி கல்மரத்துக்கு உண்டு. எஃகு அலகின் இரு பக்கமும் அதை முழுப் பலகையாக ஒட்டினால் கத்தியின் எடைச் சமநிலை முழுவதும் உள்ளங்கைக்குள் போய்விடுகிறது. இரண்டாவது, துளையிடுவது. சாதாரண டிரில் பிட் அதன்மேல் சுழன்று தன் முனையைத்தான் இழக்கும். வைரத்தூள் பதித்த குழாய் வடிவப் பிட், ஓயாமல் வழியும் நீர், அழுத்தாமல் தொட்டுத் தொட்டு எடுக்கும் பொறுமை ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவது கவலைக்கு மருந்தே இல்லை: கல் வளையாது. எஃகு சற்றே வளைந்து நிமிரும்போது கல்லும் பசையும் சேரும் கோட்டில் பிளவு தோன்றுகிறது. கத்தி கீழே விழுந்தால், பிடியை அலகோடு பிணைக்கும் உலோக ஆணியான பின்னை அடித்த துளையிலிருந்து விளிம்பை நோக்கி வெடிப்பு ஓடுகிறது. ஆகவே கல்மரத்தை நான் பதிப்புக் கல்லாக மட்டுமே பயன்படுத்துகிறேன். 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள சீவலை, பித்தளையிலோ மரத்திலோ குடைந்த பள்ளத்துக்குள் எல்லா விளிம்பும் மறையும்படி அமர்த்திவிட்டால், அடியை மற்றப் பொருள் வாங்கிக்கொள்ளும். கல் காட்சிப் பொருளாக நிம்மதியாக இருக்கும்.

டைனசோர் எலும்புக்கும் இதே விதிதான். அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள மாரிசன் படிவப் பாறைகளிலிருந்து வரும், சுமார் 15 கோடி ஆண்டுகள் பழமையான எலும்புகளில், நுண்ணறைகள் சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமான அகேட் கல்லால் நிரம்பியிருக்கும். குறுக்கே வெட்டி மெருகேற்றினால் அதற்கு ஈடான கோலம் எந்த மரத்திலும் இல்லை. ஆனால் நுண்ணிய வெடிப்புகள் நிறைந்தது. அதே பாறைகள் யுரேனியத்துக்கும் பேர்போனவை என்பதால் சில துண்டுகளில் கதிரியக்கம் இருக்கும். அளவிடும் கருவியால் சோதிக்காத துண்டை நான் தேய்ப்பதில்லை. எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வியும் முக்கியமானது. 2009ஆம் ஆண்டின் தொல்லுயிர் வளப் பாதுகாப்புச் சட்டப்படி, அமெரிக்கக் கூட்டரசு நிலங்களிலிருந்து முதுகெலும்பிகளின் புதைபடிவங்களை அனுமதியின்றி எடுப்பது குற்றம். தனியார் நிலத்தில் எடுத்ததற்கான எழுத்துப்பூர்வச் சான்று இல்லாத துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பாதி வழியில் நின்றவற்றுக்கு வருவோம். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சதுப்பில் புதைந்த ஓக். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் கிடந்த ஓக்கின் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும், நீரில் கரைந்த இரும்பும் வினைபுரிந்து, மரம் தவிட்டு நிறத்திலிருந்து கருங்காலியின் கருமை வரை மாறுகிறது. அது கல்லாகவில்லை, உளி ஏற்கும், பசை ஏற்கும், எண்ணெய் ஏற்கும். நியூசிலாந்தின் சதுப்புகளில் கிடைக்கும் கௌரி மரம் 45,000 ஆண்டுகளையும் தாண்டிய பழமை உடையதாக இருந்தும், நேற்று வெட்டிய பலகையைப் போலவே இழைக்க வருகிறது. இவற்றின் ஆபத்தெல்லாம் உலர்த்துவதில் இருக்கிறது. நீரில் ஊறிய நிலையில் செல் சுவர்கள் அரிக்கப்பட்டிருப்பதால், அவசரமாகக் காயவைத்தால் மரம் சுருங்கி, முறுக்கி, தேன்கூடுபோல் உள்ளுக்குள்ளேயே வெடிக்கும். 2012இல் கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு வயல் ஒன்றில் கிடைத்த, சுமார் 5,000 ஆண்டுகள் பழமையான 13 மீட்டர் ஓக்கை உலர்த்துவதற்கென்றே தனிச் சூளை அமைத்து மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிடிக்கு வேண்டிய சிறு கட்டைக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, நிழலில் வைத்து, அவ்வப்போது எடையைக் குறித்து, எடை நிலைபெறும்வரை கை வைக்காமல் இருக்கும் பொறுமை வேண்டும்.

ஈரத்தை வெளியேற்றுவதற்குப் பதிலாக அதன் இடத்தில் பாலிஎதிலீன் கிளைக்காலை நிரப்பும் முறையும் உண்டு. 1628இல் மூழ்கி 1961இல் மீட்கப்பட்ட ஸ்வீடனின் வாசா கப்பலை 17 ஆண்டுகள் அந்தக் கரைசலைத் தெளித்தே காப்பாற்றினார்கள். கப்பலுக்குச் சரி, கத்திப் பிடிக்கு அது உதவாது. அந்தப் பொருள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது, எபாக்சி என்னும் இறுகும் பசை அதன்மேல் சரியாக ஒட்டாது, கையிலும் பிசுபிசுக்கும். பதப்படுத்திய கட்டை என்று விற்பவரிடம், எதனால் பதப்படுத்தியது என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் இதனால்தான் எனக்கு வந்தது.

மாமூத் தந்தத்தைப் புதைபடிவம் என்று சொல்லி விற்றாலும், சைபீரியா, அலாஸ்கா ஆகிய இடங்களின் உறைநிலத்தில் கிடந்ததால் அது பெரும்பாலும் தந்தமாகவே இருக்கிறது. தாதுக்கள் ஓரளவே ஊறி மேற்பட்டைக்கு நீலமோ பழுப்போ தந்திருக்கும். அந்த நீலத்துக்குக் காரணம் பெரும்பாலும் விவியனைட் என்னும் இரும்புப் பாஸ்பேட். தந்தத்தைத் தேய்க்கும்போது விரல்களுக்குச் சூடு உறைத்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். வெப்பமே அதன் முதல் எதிரி. யானைத் தந்தத்தை மாமூத் என்று சொல்லி விற்கும் ஏமாற்று உலகெங்கும் உண்டு என்பதால், வெட்டுமுகத்தில் தெரியும் ஷ்ரேகர் கோடுகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தந்தத்தின் குறுக்குவெட்டில், வெளிப்புறப் பட்டையை ஒட்டிய பகுதியில், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இந்தக் கோடுகளுக்கு இடையிலான கோணம் மாமூத்தில் 90 பாகைக்குக் குறைவாகவும், இன்றைய யானைகளில் 115 பாகைக்கு மேலாகவும் இருக்கும். இடைப்பட்டதை ஐயத்துக்குரியதாகவே கொள்ள வேண்டும். யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தை 1989இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கை தடை செய்தது. மாமூத் அந்த உடன்படிக்கையின் பட்டியலில் சேரவில்லை. 2019இல் அதைச் சேர்க்க முன்வைத்த தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் சில நாடுகளும் அமெரிக்காவின் சில மாநிலங்களும் மாமூத் தந்தத்தையும் தடைசெய்திருப்பதால், அனுப்பும் இடம், சேரும் இடம் இரண்டின் சட்டத்தையும் பார்க்காமல் வேலையை ஒப்புக்கொள்வது அறிவுடைமையாகாது.

மாமூத்தின் கடைவாய்ப்பல் தந்தத்தைவிடச் சுவையான பொருள். பாடாய்ப் படுத்துவதும் அதுவே. புல்லை அரைப்பதற்கென உருவான அந்தப் பல்லில், மெல்லிய தகடுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொரு தகடும் கடினமான எனாமல் உறைக்குள் டென்டின் அடைத்தது; தகடுகளை ஒன்றோடொன்று இணைப்பது சிமென்டம் என்னும் மென்மையான பொருள். கடைசிக் கடைவாய்ப்பல்லில் இத்தகைய தகடுகள் 20க்கும் மேல் இருக்கும். குறுக்கே சீவினால் நீள்வளையக் கோடுகள் அணிவகுத்து நிற்கும் அந்தக் கோலத்துக்காகவே கேட்டு வருகிறார்கள். ஆனால் அந்தக் கோலத்தின் ஒவ்வொரு கோடும் பல் பிளக்கத் தயாராக இருக்கும் ஒரு கோடு என்பதை மறந்துவிடக் கூடாது. ரெசின் ஏற்றாத பல்லை வாங்கவே வேண்டாம். ரெசின் ஏற்றியதாக வந்த கட்டையையும் இருட்டில் வைத்து ஒளிமிக்க டார்ச்சை ஒரு பக்கத்தில் பிடித்துப் பார்த்தால், வெற்றிடங்களும் பழைய வெடிப்புகளும் தெரியும். விரல் நகத்தால் தட்டினால் இறுகிய இடத்தில் கூர்மையான ஒலியும், பொள்ளலான இடத்தில் மந்தமான ஒலியும் கேட்கும்.

சீவலைத் துளையிடுவதற்கு முன்பே, 1 மில்லிமீட்டர் ஜி10 தகட்டின்மேல் எபாக்சியால் ஒட்டிவிடுகிறேன். கண்ணாடி இழைத் துணியும் எபாக்சியும் சேர்ந்த அந்தத் தகடு, பல்லின் தகடுகள் அனைத்தையும் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறது. பிறகு கார்பைடு பிட்டால், குறைந்த வேகத்தில், அடியில் கெட்டியான மரத்தை வைத்துத் துளையிடுகிறேன். பின்னை அடித்து விரிக்கும் வழக்கமான முறை இங்கே கூடாது. பல்லின் துளையைப் பின்னைவிடச் சிறிது பெரிதாக்கி, எபாக்சியிலேயே பின்னை மிதக்கவிட வேண்டும். தேய்க்கும்போது எனாமல் மெதுவாகவும் சிமென்டம் விரைவாகவும் தேய்வதால், மென்மையான பஞ்சின்மேல் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் மேற்பரப்பு அலையலையாகிவிடும். எஃகுத் துண்டின்மேலோ கண்ணாடியின்மேலோ புதிய தாளை வைத்து நீர் தெளித்துத் தேய்த்தால் மட்டுமே எனாமலும் சிமென்டமும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. தேய்ந்த தாளை மிச்சம் பிடிப்பது இந்த வேலையில் நட்டக் கணக்கு.

வால்ரஸின் ஆண்குறி எலும்பையும் ஸ்டெல்லர் கடற்பசுவின் எலும்பையும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1741இல் ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் விவரித்த அந்தக் கடற்பசு 1768க்குள் வேட்டையாடி அழிக்கப்பட்டுவிட்டது. அதன் எலும்புகள் இன்றும் பெரிங் கடல் பகுதியிலிருந்து கைவினைச் சந்தைக்கு வருகின்றன. கைக்கு இதமான பொருள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் எந்த உயிரியின் எலும்பு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத பொருளை, பெயரை மட்டும் நம்பி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி, மனிதர் தாமே கல்லாக்க முயன்றவை. இதில் இரண்டு வழிகள் இருக்கின்றன: இயற்கையைப் போலவே சிலிக்காவை ஏற்றுவது ஒன்று, சிலிக்காவின் இடத்தில் ரெசினை ஏற்றுவது மற்றொன்று. முதல் வழியில் வெகுதூரம் போனவர்கள் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தினர். 2005இல் அவர்கள் வெளியிட்ட முறைப்படி, பைன், பாப்ளர் மரத்துண்டுகளை இரண்டு நாள் அமிலத்தில் ஊறவைத்து, மேலும் இரண்டு நாள் சிலிக்கா கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, ஆர்கான் வாயு நிறைந்த உலையில் 1,400 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினார்கள். மரத்தின் கார்பனும் ஏறிய சிலிக்காவும் வினைபுரிந்து, மரத்தின் நுண்துளை அமைப்பு அப்படியே இருக்கச் சிலிக்கன் கார்பைடாக மாறின. கோடிக்கணக்கான ஆண்டு வேலையைச் சில நாளில் முடித்த செய்கை என்று அது பேசப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அவர்களின் நோக்கம் வேதியியல் பயன்பாடு. பிடி அமைப்பவருக்கு அது உப்புத்தாளின் மணலையே பிடியாக வைத்துக்கொள்வதற்குச் சமம். சிலிக்கன் கார்பைடைத் தேய்க்க வைரத்தைத்தான் நாட வேண்டும்.

சோடியம் சிலிக்கேட் கரைசலில் மரத்தை ஊறவைத்துச் செயற்கைக் கல்மரம் செய்யும் யோசனையும் பழையதே. சிட்ரிக் அமிலம் போன்ற மெல்லமிலத்தைச் சேர்த்த அத்தகைய கலவைக்கு 1986இல் அமெரிக்கக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. நெருப்புப் பிடிக்காத கட்டட மரத்துக்கு அந்த யோசனை பொருந்தலாம். பிடிக்கட்டைகளில் செய்து பார்த்த அளவில் நான் கண்டது இதுதான்: கரைசல் வெட்டுமுனைகளில் சிறிது தூரமே இறங்குகிறது, உலர்ந்த பின் உள்ளே கண்ணாடிபோல் இறுகினாலும், ஈரம் பட்டால் மேற்பரப்பில் வெண்பொடி பூக்கிறது, காரத்தன்மை மிகுந்திருப்பதால் அலுமினிய பின்களை அரிக்கிறது, மரத்தின் நிறத்தையும் கருக்கச் செய்கிறது. பெல்ட் கிரைண்டரில் வைத்தால் பெல்ட் வெகு விரைவில் மழுங்குகிறது. கையில் வியர்வை உள்ள எவருக்கும் அந்தப் பிடியைத் தரமாட்டேன்.

இரண்டாம் வழியே பயன் தருவது. இதன் நோக்கம், இயற்கை சிலிக்காவால் செய்யும் முதற்கட்ட வேலையை, அதாவது வெற்றிடங்களை நிரப்பும் வேலையை மட்டும், மெதாக்ரிலேட் ரெசினால் செய்து அங்கேயே நிறுத்திக்கொள்வது. மர இழைகள் அழியாமல் இருப்பதால் பிடிக்கு வேண்டிய தாங்குதிறன் எஞ்சி நிற்கிறது; வெற்றிடங்கள் அடைபடுவதால் நீருக்கு வழி குறைகிறது. உலர்ந்த கட்டையை ரெசினில் அமிழ்த்தி, மூடிய கலனிலுள்ள காற்றைப் பம்பால் உறிஞ்சி வெற்றிடமாக்கி, பிறகு அடுப்பில் சூடேற்றி ரெசினை இறுக வைக்கும் இந்த முறை எளிது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஏன் என்பதை அறிந்து செய்பவருக்கும் குறிப்பைப் பார்த்துச் செய்பவருக்கும் கிடைக்கும் கட்டைகள் வெவ்வேறாக இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முதல் படி உலர்த்துவது. காற்றில் உலர்ந்த மரத்தில் 8 முதல் 12 விழுக்காடு ஈரம் எஞ்சியிருக்கும். மேசை செய்ய அது போதும், ரெசின் ஏற்றப் போதாது. நீர் கொதிநிலையைச் சற்றே தாண்டிய வெப்பத்தில் அடுப்பில் ஒரு நாள் வைத்து, இடையிடையே எடைபோட்டு, எடை குறையாத நிலை வரும்வரை உலர்த்த வேண்டும். இதில் சுருக்கவழி இல்லை. ஏனெனில் வெற்றிடத்தில் நீர் அறை வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதால், ஈரம் மிஞ்சிய கட்டையிலிருந்து குமிழி வந்துகொண்டே இருக்கும். காற்று வெளியேறுகிறதா, நீராவி வெளியேறுகிறதா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. உலர்ந்த கட்டையைச் சூட்டோடு ரெசினில் போடவும் கூடாது; வெப்பத்தால் இறுகும் ரெசின் என்பதால் பாத்திரத்தில் உள்ளதே கெட்டியாகத் தொடங்கும். வெளியில் ஆறவிட்டால் காற்றின் ஈரத்தை மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எனவே காற்றுப் புகாத பையில் மூடி ஆறவைக்க வேண்டும்.

வெற்றிடம் ரெசினை மரத்துக்குள் இழுக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையில் பம்ப் ஓடும்போது மரத்திலிருந்து காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான்; ரெசினின் பெரும்பகுதி உள்ளே போவது, வால்வைத் திறந்து வளிமண்டல அழுத்தம் அதைத் தள்ளும்போதே. ஆகையால் குமிழி நின்றபின், பம்ப் ஓடிய நேரத்தைப் போல இரண்டு மடங்குக்காவது கட்டையை ரெசினுக்குள்ளேயே அமிழ்த்தி வைக்க வேண்டும். அழுத்தக் கலன் வைத்திருப்பவர் இந்தக் கட்டத்தில் அதைப் பயன்படுத்தினால் மரத்தின் நடுப்பகுதிவரை ரெசின் சேரும். பிறகு அலுமினியத் தாளில் சுற்றி, கட்டையின் உள்வெப்பம் 90 முதல் 95 பாகை வரும்வரையும், அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமலும் அடுப்பில் வைக்கிறேன். அடுப்பின் முள் காட்டும் வெப்பத்தை நான் நம்புவதில்லை. கட்டையில் சிறு துளையிட்டு வெப்பமானியின் முனையைச் செருகிப் பார்ப்பதே உறுதி. இந்த அடுப்பில் அதற்குப் பின் உணவு எதையும் சமைக்கக் கூடாது.

எந்த மரம் ரெசினை ஏற்கும் என்பதில் பலருக்குத் தலைகீழான எண்ணம் இருக்கிறது. விறகுக்கும் ஆகாது என்று ஒதுக்கப்படும் மட்கத் தொடங்கிய மரமும், பூஞ்சை கருங்கோடு வரைந்த மேப்பிளும், இலகுவான பாப்ளரும், பக்கீ மரத்தில் கட்டிபோல் புடைத்து வளரும் முண்டுகளும் தம் எடைக்கு நிகரான ரெசினைக்கூடக் குடித்துவிடும். அவையே மிக அழகிய பிடிகளாகின்றன. கருங்காலி, ஈட்டி போன்ற அடர்ந்த, எண்ணெய்ப் பசையுள்ள மரங்களில் ரெசின் நுழைய இடமே இல்லை. ஈட்டி இனங்களின் எண்ணெயிலுள்ள சேர்மங்கள் ரெசின் இறுகுவதையும் தடுக்கும். அவற்றுக்கு ரெசின் தேவையும் இல்லை. ஈட்டியின் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்ஸ் பட்டியலில் இருப்பதால், நாட்டெல்லை தாண்டும் வேலையில் அதைத் தவிர்ப்பதே எளிது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விலைக்கு வாங்கும் கட்டையைச் சோதிப்பதற்கு எளிய வழி, ஓரத்தில் ஒரு துண்டை அறுத்து நடுப்பகுதியைப் பார்ப்பது. சாயம் கலந்த ரெசினாயின் நடுவில் மரத்தின் பழைய நிறம் தீவுபோல் எஞ்சியிருக்கும். அந்தத் தீவு சிறிதாயின் பாதகமில்லை, பெரிதாயின் அந்தக் கட்டை வெறும் பூச்சுப் பெற்றது. அறுத்த துண்டை எடைபோட்டு ஒரு நாள் நீரில் போட்டு மறுபடி எடைபோட்டால் எவ்வளவு நீர் குடித்தது என்பதும் தெரிந்துவிடும். ஒரு விற்பனையாளரிடமிருந்து வந்த நீலமும் பச்சையுமான மேப்பிள் முண்டு, மேல் 3 மில்லிமீட்டருக்குக் கீழே ரெசின் ஏறாத வெறும் மரமாகவே இருந்ததைப் பார்த்தபின், அறுக்காமல் எதையும் வேலைக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். நன்றாக ரெசின் ஏறிய கட்டையும் முற்றிலும் நீர்புகாப் பொருள் ஆகிவிடாது. மெதாக்ரிலேட் செல்களின் உள்வெற்றிடத்தை நிரப்புகிறதே தவிர, செல் சுவருக்குள் பெரிதாக நுழைவதில்லை. ஆகவே சுவர் சிறிது ஈரத்தை வாங்கத்தான் செய்யும், பிடி மிகச் சிறிதளவு விரியவும் செய்யும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாமா என்று கேட்பவருக்கு என் விடை எப்போதும் வேண்டாம் என்பதே.

மரமல்லாதவற்றை ரெசினில் வார்ப்பது தனிக் கலை. பைன் கூம்பு, சோளத் தக்கை, பாங்க்சியாக் காய், கள்ளியின் வலைபோன்ற எலும்புக்கூடு, அலுமினியத் தேன்கூட்டுத் தகடு ஆகியவை காட்சிக்கு இனியவை. இவற்றில் உயிர்ப்பொருள்களுக்கு முதலில் மெல்லிய ரெசினை ஏற்றி இறுக வைத்து, அதன்பின் வண்ண ரெசினில் வார்ப்பதே சரியான வரிசை. இல்லையென்றால் கூம்பின் செதில் ஒவ்வொன்றும் தன் காற்றை வார்ப்புக்குள் விடும். அலுமினியத் தேன்கூட்டில் கிரைண்டரின் வெப்பம் உலோகச் சுவர் வழியே உள்ளே ஓடி ரெசினிலிருந்து அதைப் பிரித்துவிடுகிறது என்பதால் கையாலேயே தேய்க்க வேண்டியிருக்கிறது. உறுதியை மட்டும் கேட்டால், இவை எதுவும் மிக்கார்ட்டாவுக்கு அருகில் வராது. துணியையோ காகிதத்தையோ பீனாலிக் ரெசினில் தோய்த்து அழுத்திச் சூடேற்றும் அந்தப் பொருள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்காப்புக்காக உருவானது. பழைய டெனிம் துணியை அடுக்கி எபாக்சியில் தோய்த்து இறுக்கி நாமே செய்யும் அதன் தம்பியும் ஈரக் கையில் நழுவாத நல்ல பிடியே.

பொருத்தும் வேலையில் பொருளுக்குப் பொருள் மாறாத சில வழக்கங்களை வைத்திருக்கிறேன். எஃகும் பிடிப்பொருளும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிவதால், இரண்டுக்கும் நடுவே வல்கனைஸ் செய்த ஃபைபர் தாளின் மெல்லிய அடுக்கு ஒன்றை வைக்கிறேன். சிறிய அசைவுகளை அது வாங்கிக்கொள்கிறது. ஒட்டும் முகங்களை 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் எடுத்து இறுகும் எபாக்சியைப் பூசுகிறேன்; ஐந்து நிமிட எபாக்சி வெப்பத்துக்கும் நீருக்கும் எளிதில் தளர்கிறது. பிடிக்குள் நீளும் அலகின் வால்பகுதியில், பின்களுக்கான துளைகள் தவிர வேறு சில துளைகளும் இருந்தால், பசை அவற்றின் ஊடே இரு பக்கத்தையும் பாலம் போட்டுக் கட்டும். கிளாம்பைப் பலமாக இறுக்கிப் பசையெல்லாம் பிதுங்கி வெளியேறும்படி செய்வது, பசையே பூசாததற்கு அடுத்த நிலை.

இந்தப் பொருள்களின் தூசியைப் பற்றி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கல்மரத்தின் தூசி படிகச் சிலிக்கா; அது சிலிக்கோசிஸ் என்னும் மீளா நுரையீரல் நோயைத் தரும். ஜி10இன் தூசியில் கண்ணாடி இழை; எலும்பு, பல் ஆகியவற்றின் தூசியில் தாதுவும் பழைய கரிமப் பொருளும்; பூஞ்சை படிந்த மரத்தின் தூசியில் வித்துகள். சரியாக இறுகாத ரெசினின் ஆவியும் தோல் ஒவ்வாமையைத் தரக்கூடியது. கல்லினத்தை நீர் ஊற்றித்தான் தேய்க்க வேண்டும். மற்றவற்றுக்கு மாற்றக்கூடிய வடிகட்டி உள்ள பி100 தர முகக்கவசமும், கிரைண்டருக்கு அருகிலேயே உறிஞ்சும் குழாயும் தேவை. துணி முகமூடி இதற்கு உதவாது. நீரில் தேய்த்த சேறு காய்ந்தால் மறுபடி தூசியாகிவிடும் என்பதால், ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்துவிட வேண்டும். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைப்பது நல்லது.

மெருகு விஷயத்தில் வாங்குபவருக்கும் எனக்கும் அடிக்கடி கருத்து வேறுபாடு உண்டாகிறது. ரெசின் ஏறிய மரத்துக்குத் தனி வார்னிஷ் வேண்டாம். 2,000 எண் தாள்வரை போய்த் துணிச்சக்கரத்தில் பிடித்தால் தன் ரெசினிலேயே கண்ணாடிபோல் மின்னும். பெட்டியில் வைத்துப் பார்க்கும் கத்திக்கு அது சரி. உழைக்கும் கத்திக்கு 600 எண்ணோடு நிறுத்தி, மெழுகு சிறிது தேய்த்துக் கொடுக்கிறேன். ரேகையின் அழகு சற்றே மங்கும், ஆனால் கை பிடித்த இடத்தில் நிற்கும். மாமூத் பல்லை மட்டும் மெருகின் எல்லைவரை கொண்டுபோகிறேன். மங்கலான பல்லில் எனாமலின் கோடுகள் தெரிவதில்லை. பல் பதித்த கத்தியைக் கொண்டு எவரும் அன்றாடம் காய்கறி நறுக்கப் போவதும் இல்லை.